ஜோசப் ஓ'டுவையர்

இக்கட்டுரை அமெரிக்க மருத்துவர் ஒருவரைப் பற்றியது. பஞ்சாப் மாகாணத்தின் துணைநிலை ஆளுநராக இருந்த மைக்கேல் ஓ'டுவையர் வேறொருவர்.

ஜோசப் ஓ'டுவையர் (அக்டோபர் 12, 1841 - ஜனவரி 7, 1898) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆவார். டிப்தீரியா எனப்படும் தொண்டை அடைப்பான் நோயால் குரல்வளை அடைபட்டு மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு, கழுத்தை அறுக்காமல் வாய்வழியே குரல்வளைக்குள் சிறு உலோகக் குழாய் ஒன்றைச் செருகி மூச்சுக்கு வழி செய்யும் முறையை உருவாக்கி, அதை நடைமுறை மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர் இவர். அதற்குரிய கருவித் தொகுதியையும் இவரே வடிவமைத்தார். குழாயைச் செருகுவதைப் போலவே அதை வெளியே எடுப்பதும் இடர் மிக்கது என்பதை விரிவாக ஆராய்ந்த தொடக்கக்கால மருத்துவர்களுள் ஒருவராகவும் இவர் கருதப்படத்தக்கவர். குழாயை எடுத்தவுடன் மீண்டும் மூச்சடைத்துப்போகும் குழந்தைகளைப் பற்றி 1897 இல் இவர் எழுதியது, இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குழாய் நீக்கத் தோல்வி என அறியப்படும் சிக்கலைப் பற்றிய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்றாகும்.

இளமையும் கல்வியும்

ஓ'டுவையர் ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். இவர் பிறந்த சிறிது காலத்தில் பெற்றோர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். ஒன்ராறியோவின் லண்டன் நகருக்கு அருகில் இவரது தொடக்கக் கல்வி அமைந்தது. அக்கால வழக்கப்படி உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருந்து தொழில் பயின்ற பின், நியூயார்க் சென்று மருத்துவர்கள் மற்றும் அறுவை மருத்துவர்கள் கல்லூரியில் சேர்ந்தார். 1860களின் நடுப்பகுதியில் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றதும் நியூயார்க்கின் பிளாக்வெல் தீவில் இருந்த நகர அற மருத்துவமனையில் உறைவிட மருத்துவராகப் பணியேற்றார். இத்தீவு இன்று ரூசுவெல்ட் தீவு என அழைக்கப்படுகிறது. அக்காலத்தில் காலரா பரவியபோது நோயுற்றோர் ஹார்ட் தீவுக்கு மாற்றப்பட்டனர். அங்கு சென்று அவர்களைக் கவனிக்க ஓ'டுவையர் தாமாக முன்வந்தார். அப்பணியில் அவரும் காலராவுக்கு ஆளாகி மீண்டார்.

குழந்தைகள் இல்லத்தில் பணி

1869 இல் அருட்சகோதரி ஐரீன் ஃபிட்ஸ்கிப்பன் தலைமையில் அறப்பணிச் சகோதரிகள் சபையினர் நியூயார்க்கில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினர். 1872 இல் ஓ'டுவையர் இவ்வில்லத்தின் மருத்துவர்களுள் ஒருவரானார். அவரது பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் இங்கேயே நிகழ்ந்தன.

சிறு குழந்தைகள் நெருக்கமாக வாழ்ந்த இத்தகைய இல்லங்களில் தொண்டை அடைப்பான் எளிதில் பரவியது. இந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் தொண்டையில் சாம்பல் நிறப் படலம் ஒன்றைத் தோற்றுவிக்கிறது. படலம் குரல்வளைக்குள் இறங்கினால் மூச்சுவழி சிறுகச்சிறுக அடைபடும். குழந்தை முழு உணர்வுடன் இருக்கும்போதே மூச்சு முட்டி இறக்கும். அன்று மருத்துவர்களிடம் இருந்த ஒரே வழி, கழுத்தின் முன்புறத்தை அறுத்து மூச்சுக்குழலில் துளையிடுவதாகும். இல்லத்தில் இவ்வறுவை மேற்கொள்ளப்பட்டும் பெரிதும் பயன் தரவில்லை. தனி வீடுகளிலோ, பெற்றோர் பலர் அறுவைக்கு உடன்பட மறுத்தனர். 1880 அளவில் ஓ'டுவையர் வேறு வழி தேடத் தொடங்கினார்.

முன்னோடி முயற்சிகள்

வாய்வழியே குரல்வளைக்குள் குழாய் செருகும் எண்ணம் முற்றிலும் புதியதன்று. பாரிசு நகரின் மருத்துவர் யூஜீன் பூஷூ 1858 இல் இதே நோய்க்கு ஒரு சிறு உலோகக் குழாயைப் பயன்படுத்தி அறிக்கை அளித்தார். மூச்சுக்குழல் திறப்பு அறுவையின் பெரும் ஆதரவாளராகிய அர்மான் துரூசோவின் எதிர்ப்பினால் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மக்கியூவன், அறுவையின்போது மயக்க மருந்து செலுத்துவதற்காக வாய்வழிக் குழாயைப் பயன்படுத்தி 1880 இல் அதைப் பற்றி எழுதினார்.

ஓ'டுவையர் தமது ஆய்வைத் தொடங்கியபோது பூஷூவின் முயற்சியை அறிந்திருக்கவில்லை. பூஷூவின் குழாய் தோல்வியுற்றதற்கு எதிர்ப்பு மட்டுமே காரணமன்று. அது குரல்வளையின் வடிவத்திற்குப் பொருந்தாததும் ஒரு காரணமாகும். ஓ'டுவையர் பல ஆண்டுகள் உழைத்தது இந்தப் பொருத்தத்திற்காகவே.

குழாயின் வடிவமைப்பு

இறந்த குழந்தைகளின் குரல்வளைகளை ஆராய்ந்து ஓ'டுவையர் தமது குழாயைப் படிப்படியாகத் திருத்தினார். முதலில் இரு தகடுகள் விரிந்து மூச்சுவழியைத் திறந்து வைக்கும் கருவி ஒன்றைச் செய்தார். தகடுகளுக்கு இடைப்பட்ட வெளியில் வீங்கிய சதை புகுந்து அடைத்ததால் அது பயன்படவில்லை. எனவே முழுமையான குழாய்க்கு மாறினார். குரல் நாண்களுக்கு இடையிலான வெளி வட்டமாக இல்லாததால் குழாயின் குறுக்குவெட்டும் நீள்வட்டமாக அமைக்கப்பட்டது.

வழவழப்பான நேர்க்குழாயை இருமல் வெளியே தள்ளிவிட்டது. இதைத் தடுக்கக் குழாயின் நடுப்பகுதியில் ஒரு புடைப்பு சேர்க்கப்பட்டது. குழாய் கீழே நழுவி மூச்சுக்குழலுக்குள் விழாமல் இருக்க, மேல்முனையில் அகன்ற தலைப்பகுதி அமைக்கப்பட்டது. இத்தலை குரல் நாண்களுக்கு மேலுள்ள மடிப்புகளில் தங்கி நிற்கும். குழந்தையின் வயதிற்கேற்ப வெவ்வேறு நீளமுள்ள குழாய்களும், எந்த வயதிற்கு எந்தக் குழாய் என்பதைக் காட்டும் அளவுகோலும், வாயைத் திறந்து வைக்கும் கவ்வியும், செருகு கருவியும், எடுப்புக் கருவியும் ஒரே பெட்டியில் வைக்கப்பட்டன. குழாய்கள் பித்தளையில் செய்யப்பட்டுப் பொன்முலாம் பூசப்பட்டன.

முதலில் குழாய் செருகப்பட்ட குழந்தைகளின் மூச்சுத் திணறல் தணிந்தபோதும், நோயின் நஞ்சு உடலில் பரவியதால் அவர்கள் பிழைக்கவில்லை. ஆயினும் மூச்சு முட்டி இறக்கும் துன்பம் நீங்கியதைக் கண்ட ஓ'டுவையர் முயற்சியைத் தொடர்ந்தார். பின்னர் குழந்தைகள் குணமடையத் தொடங்கினர். 1885 இல் நியூயார்க் மருத்துவ இதழில் தமது முறையை வெளியிட்டார்.

செருகுதலும் எடுத்தலும்

குழந்தையைப் போர்வையால் சுற்றிச் செவிலியின் மடியில் நிமிர்த்தி அமர்த்துவர். மற்றொருவர் தலையைப் பிடித்துக்கொள்வார். மருத்துவர் இடக்கைச் சுட்டுவிரலால் குரல்வளை மூடியைத் தூக்கிப் பிடித்து, வலக்கையிலுள்ள கருவியால் குழாயை உள்ளே செலுத்துவார். கண்ணால் எதையும் காண இயலாது. அனைத்தும் விரலின் தொடுவுணர்வைக் கொண்டே நடைபெற வேண்டும். அந்நேரத்தில் மூச்சு முற்றிலும் தடைபடுவதால் சில நொடிகளுக்குள் முடிக்க வேண்டும். குழாய் சரியான இடத்தில் அமர்ந்தால் உலோக ஒலியுடன் இருமல் எழுந்து மூச்சு எளிதாகும். குழாயின் தலையிலுள்ள துளையில் கோத்த நூல், தவறாக உணவுக்குழாய்க்குள் சென்ற குழாயை உடனே இழுத்து எடுக்க உதவியது. இடம் உறுதியானதும் நூல் நீக்கப்பட்டது.

குழாய் சில நாட்கள் உள்ளேயே இருந்தது. அந்நாட்களில் உணவூட்டுவது கடினமாக இருந்தது. குரல்வளை சரிவர மூடாததால் பால் மூச்சுவழிக்குள் சென்றது. சிகாகோ மருத்துவர் காசல்பெரி, குழந்தையின் தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து ஊட்டும் முறையைக் கண்டறிந்து இச்சிக்கலைக் குறைத்தார்.

குழாயை எடுப்பது செருகுவதைவிடக் கடினம் எனப் பல மருத்துவர்கள் கருதினர். எடுப்புக் கருவியின் மெல்லிய முனையை, விரலை வழிகாட்டியாகக் கொண்டு குழாயின் சிறு வாய்க்குள் நுழைத்து விரிக்க வேண்டும். முனை பக்கவாட்டில் சென்றால் குரல்வளை காயமுறும். நலமாக எடுத்துவிட்டாலும் இடர் தீர்ந்துவிடுவதில்லை. சில குழந்தைகளுக்குச் சில நிமிடங்களிலும், சிலருக்குச் சில மணி நேரத்திலும் மூச்சுத் திணறல் திரும்பியது. இருமலின்போது குழாய் தானாக வெளியேறிவிடுவதும் உண்டு. எந்நிலையிலும் உடனே மீண்டும் செருகத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டியிருந்தது.

எதிர்ப்பும் ஏற்பும்

இம்முறையை முதலில் பலர் ஐயத்துடன் நோக்கினர். படலத்தைக் குழாய் கீழே தள்ளி மூச்சுக்குழலை அடைத்துவிடும் என்பது முதன்மையான குற்றச்சாட்டாகும். இது சில வேளைகளில் உண்மையாகவும் நிகழ்ந்தது. எனினும் சிகாகோவில் வாக்சம், நியூயார்க்கில் தில்லன் பிரௌன் ஆகியோர் இம்முறையை விரைவில் கையாளத் தொடங்கினர். குழந்தைகள் இல்லத்தில் ஓ'டுவையருடன் பணியாற்றிய நார்த்ரப், இறந்த குழந்தைகளின் குரல்வளைகளைப் பரிசோதித்துக் குழாயின் விளைவுகளைப் பதிவு செய்தார். ஐரோப்பாவில் புடாபெஸ்ட் நகரின் போக்காய் முதலிய மருத்துவர்கள் இதைப் பரப்பினர். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் தலைவராகவும் ஓ'டுவையர் பணியாற்றினார்.

நச்சுமுறி மருந்து

1890 இல் எமில் பேரிங், கிடாசாட்டோ ஆகியோர் தொண்டை அடைப்பான் நஞ்சுக்கு எதிரான ஊநீரைப் பற்றி அறிவித்தனர். 1894 இல் பாரிசின் எமில் ரூ தமது மருத்துவமனை முடிவுகளை வெளியிட்ட பின் இம்மருந்து உலகெங்கும் பரவியது. தமது பெயரை நிலைநாட்டிய குழாயின் தேவையையே இம்மருந்து குறைக்கும் நிலையிலும், ஓ'டுவையர் அதைத் தொடக்கத்திலேயே ஆதரித்தார். மருந்தின் பயனை மதிப்பிட அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அமைத்த குழுவிலும் இடம்பெற்றார்.

குழாயும் மருந்தும் ஒன்றையொன்று நிறைவு செய்தன. குழாய் மூச்சைக் காத்து, மருந்து வேலை செய்வதற்கான நேரத்தைப் பெற்றுத் தந்தது. மருந்துக்கு முன் குழாய் செருகப்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே பிழைத்தனர். மருந்து வந்தபின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பிழைத்தனர். குழாய் உள்ளே இருக்க வேண்டிய நாட்களும் குறைந்தன.

எடுக்க முடியாத குழாய்கள்

கூடுதலான குழந்தைகள் பிழைத்ததனால் வேறொரு சிக்கல் வெளிப்பட்டது. நோய் முற்றிலும் நீங்கிய பின்னும், குழாயை எடுத்தவுடன் மூச்சடைத்துப்போகும் குழந்தைகள் சிலர் இருந்தனர். இவர்களுக்கு மீண்டும் மீண்டும் குழாய் செருக வேண்டியிருந்தது. இந்நிலை வாரக்கணக்கிலும், சிலருக்கு மாதக்கணக்கிலும் நீடித்தது. தாம் கண்டறிந்த முறையே சில குழந்தைகளுக்குத் தீங்காக முடிவதை ஓ'டுவையர் மறைக்க முயலவில்லை. 1897 இல் இதன் காரணங்களையும் சிகிச்சையையும் பற்றித் தனிக்கட்டுரை எழுதினார்.

குரல்வளைத் தசைகள் செயலிழப்பதே காரணம் என அன்று சிலர் கருதினர். ஓ'டுவையர் பெரும்பாலான நேர்வுகளில் காரணம் குழாய் ஏற்படுத்திய காயமே என்றார். குரல் நாண்களுக்குக் கீழே, வளையக் குருத்தெலும்பின் மட்டத்தில் இக்காயம் மிகுதியாகக் காணப்பட்டது. பொருந்தாத அளவுள்ள குழாய், செம்மையாகச் செய்யப்படாத குழாய், முரட்டுத்தனமான செருகல், மீண்டும் மீண்டும் செருகல், நெடுநாள் வைத்திருத்தல் ஆகியன இக்காயத்தை மிகுவித்தன. காயத்தால் வீக்கமும், புண்ணும், சதை வளர்ச்சியும், இறுதியில் தழும்புச் சுருக்கமும் தோன்றின.

வளையக் குருத்தெலும்பு முழு வட்டமாக அமைந்திருப்பதால் அதன் உள்ளே ஏற்படும் வீக்கம் வெளிப்புறமாக விரிய இயலாது, மூச்சுவழியைத்தான் குறுக்கும். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூச்சுவழியில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீக்கம் ஏற்பட்டால் விட்டம் 2 மில்லிமீட்டராகிறது. பரப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. சீரான ஓட்டத்தில் காற்றுக்கு ஏற்படும் தடை 16 மடங்காகிறது. வளர்ந்தோருக்குப் பொருட்படுத்தத் தேவையற்ற வீக்கம் குழந்தைக்கு உயிரிழப்பை உண்டாக்குவது இதனாலேயே ஆகும்.

இதற்குத் தீர்வாகக் குழாயின் பொருளும் வடிவமும் மாற்றப்பட்டன. நெடுநாள் தங்கும் உலோகக் குழாய்களில் சுண்ணப் படிவு சேர்ந்து மேற்பரப்பு சொரசொரப்பானதால், கெட்டி ரப்பரால் செய்த குழாய்கள் கொண்டுவரப்பட்டன. தலைப்பகுதியைச் சுற்றிச் சதை வளர்ந்தவர்களுக்கு உயரமான தலையுடைய குழாய்கள் செய்யப்பட்டன. ஜெலட்டினும் படிகாரமும் கலந்த பூச்சிட்ட குழாய்களும் அக்காலத்தில் கையாளப்பட்டன.

ஃபெல்-ஓ'டுவையர் கருவி

பஃபலோ நகரின் ஜார்ஜ் ஃபெல், அபினி நஞ்சால் மூச்சு நின்றவர்களுக்குத் துருத்தியால் காற்றூட்டும் முறையை 1887 முதல் கையாண்டார். முகமூடியோ கழுத்துத் துளையோ அதற்குத் தேவைப்பட்டது. ஓ'டுவையர் அதனுடன் வளைந்த குரல்வளைக் குழாய் ஒன்றை இணைத்தார். கூம்பு வடிவ முனை குரல்வளையில் இறுகப் பொருந்தியதால் காற்று வெளியே கசியாமல் நுரையீரலுக்குச் சென்றது. காலால் துருத்தியை மிதித்து, கட்டைவிரலால் துளையை மூடித் திறந்து உள்மூச்சையும் வெளிமூச்சையும் கட்டுப்படுத்தினர். பின்னர் நியூ ஓர்லியன்ஸ் நகரின் ருடால்ஃப் மட்டாஸ் இக்கருவியை மார்பறுவைக்குப் பயன்படுத்தினார். குரல்வளைக் குழாயையும் காற்றூட்டலையும் ஒன்றிணைத்த வகையில் இது பிற்காலச் செயற்கைச் சுவாசக் கருவிகளின் முன்னோடிகளுள் ஒன்றாகும்.

மறைவு

ஓ'டுவையர் ஜனவரி 7, 1898 அன்று நியூயார்க்கில் தமது 56 ஆம் வயதில் காலமானார். எடுக்க முடியாத குழாய்கள் பற்றிய கட்டுரை அவரது கடைசிக்காலப் பணிகளுள் ஒன்றாக அமைந்தது. இருபதாம் நூற்றாண்டில் தடுப்பூசி பரவியதால் தொண்டை அடைப்பான் பெருமளவு குறைந்தது. ஓ'டுவையரின் உலோகக் குழாய்களும் வழக்கொழிந்தன.

இன்றைய தீவிர சிகிச்சையில்

1952 இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பியான் இப்சன் கழுத்துத் துளைவழியே கையால் காற்றூட்டும் முறையைப் பெரிய அளவில் புகுத்தினார். தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தோன்ற அது வழிவகுத்தது. அதன்பின் வாய்வழிக் குழாய் நெகிழிப் பொருளில் மீண்டும் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. அத்துடன் ஓ'டுவையர் எதிர்கொண்ட கேள்வியும் திரும்பியது.

குழாயை எடுத்து 48 அல்லது 72 மணி நேரத்திற்குள் மீண்டும் செருக நேர்வது பொதுவாகக் குழாய் நீக்கத் தோல்வி எனப்படுகிறது. குழாய் இருக்கும்போதே தாமாக மூச்சுவிடச் செய்து பார்க்கும் சோதனையில் தேறியவர்களிலும் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காட்டினருக்கு இது நேர்கிறது. இவ்வாறு தோல்வியுற்றோரிடையே இறப்பு வீதம் கணிசமாக உயர்ந்துள்ளது. இச்சோதனை பெரும்பாலும் 30 முதல் 120 நிமிடங்கள் நடத்தப்படுகிறது. மூச்சின் சுமையைத் தாங்கும் ஆற்றலை மட்டுமே இது அளவிடுகிறது. குழாய் அகன்றபின் மூச்சுவழி திறந்திருக்குமா என்பதை இது காட்டாது.

தோல்விக்கான இடர்க் காரணிகளாக அறியப்பட்டவற்றுள் முதன்மையானவை:

* 65 வயதிற்கு மேற்பட்டிருத்தல், நாட்பட்ட இதய நோய் அல்லது நுரையீரல் நோய்.
* நெடுநாள் செயற்கைச் சுவாசத்தில் இருத்தல், அதனால் மூச்சுத் தசைகள் வலுவிழத்தல்.
* வலுவற்ற இருமல். இருமலின் உச்ச வேகம் நிமிடத்திற்கு 60 லிட்டருக்குக் குறைவாக இருப்பது எச்சரிக்கையாகக் கொள்ளப்படுகிறது.
* மிகுதியான சளி, அடிக்கடி உறிஞ்சி எடுக்க வேண்டிய நிலை.
* தெளிவற்ற உணர்வு நிலை.
* உடலில் நீர் மிகுந்து தேங்கியிருத்தல்.
* வேகமான, ஆழமற்ற மூச்சு.

கடைசியாகக் கூறப்பட்டதை அளவிட யாங், டோபின் ஆகியோர் 1991 இல் ஓர் எளிய குறியீட்டை முன்வைத்தனர். ஒரு நிமிடத்தில் விடும் மூச்சுகளின் எண்ணிக்கையை, ஒரு மூச்சின் அளவால் (லிட்டரில்) வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, நிமிடத்திற்கு 30 முறை, ஒவ்வொரு முறையும் 250 மில்லிலிட்டர் மூச்சுவிடும் நோயாளிக்கு இக்குறியீடு 120 ஆகும். 105 ஐ விட மிகுந்தால் தோல்விக்கான வாய்ப்பு கூடுதல் எனக் கருதப்படுகிறது.

குரல்வளை வீக்கம் தனியொரு காரணமாகும். பெரிய குழாய், கடினமான செருகல், நெடுநாள் வைத்திருத்தல் ஆகியன இதற்கான இடர்களாக இன்றும் குறிப்பிடப்படுகின்றன. இவை ஓ'டுவையர் சுட்டிய காரணங்களுடன் ஒத்திருப்பது குறிப்பிடத்தக்கது. வீக்கத்தை முன்னறிய, குழாயைச் சுற்றியுள்ள காற்றுப்பையைச் சுருக்கி, குழாயின் ஓரமாகக் காற்று கசிகிறதா எனப் பார்ப்பர். கசியாவிட்டால் வீக்கம் இருக்கலாம். அத்தகையோருக்குக் குழாயை எடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே ஸ்டீராய்டு மருந்து அளிக்கப்படுகிறது. பிற காரணங்களால் இடர் மிகுந்தோருக்குக் குழாயை எடுத்தவுடன் முகமூடிவழிச் செயற்கைச் சுவாசமோ, மூக்குவழி மிகை ஓட்ட ஆக்சிஜனோ தரப்படுகிறது.

அஞ்சிக் குழாயை எடுக்காமல் வைத்திருப்பதும் தீர்வாகாது. ஒவ்வொரு நாள் தாமதமும் நுரையீரல் அழற்சி, தசை நலிவு, குரல்வளைக் காயம் ஆகியவற்றுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. முன்னதாக எடுத்தால் மூச்சு அடைபடலாம். பிந்தி எடுத்தால் குழாயே நோயாகலாம். இவ்விரண்டுக்கும் இடையில் உரிய நேரத்தைக் கண்டறிவது ஓ'டுவையரின் காலத்தைப் போலவே இன்றும் மருத்துவரின் பொறுப்பாக உள்ளது.